4 ஏக்கரை இயற்கைக்கு மாற்ற அரசு எவ்வளவு தரும்?

கேள்வி இதுதான். ராயக்கோட்டை பக்கம் அப்பா பெயரில் 4 ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கர் பெங்களூரா மா, ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, மீதி ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் ராகியும் நிலக்கடலையும். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. "இயற்கை விவசாயத்துக்கு மாறினால் ஏக்கருக்கு 50,000 ரூபாய் அரசு தருகிறதாம், வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? யாரைப் பார்க்கணும்? சான்றிதழ் அவசியமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயிகள் குழுவுக்குப் பதிவேடும் கணக்கும் எழுதுகிற ஆள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 50,000. அது முழுப் பொய் இல்லை, பழைய கணக்கு. பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் 2015-16-இல் தொடங்கியது. அலுவலகத்தில் பி.கே.வி.ஒய். என்றால்தான் புரியும். ஆரம்ப வருடங்களில் ஒரு ஹெக்டேருக்கு, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, 50,000 ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 31,000 விவசாயிக்கு இடுபொருள் செலவாக. மீதி பயிற்சி, சான்று, விற்பனை ஏற்பாடு என்று குழுவுக்காகப் போகும். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது ஹெக்டேர் ஏக்கராகிவிட்டது, மூன்று வருடம் காணாமல் போய்விட்டது. அந்தத் தொகையையும் பிறகு குறைத்துவிட்டார்கள். இப்போதைய விதிப்படி ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்கு 31,500 ரூபாய். அதில் 15,000 மட்டும்தான் இடுபொருளுக்காக நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர் வரை கணக்கு.

உங்கள் 4 ஏக்கர் ஏறக்குறைய 1.6 ஹெக்டேர். அப்படியானால் மூன்று வருடத்தில் கைக்கு வருவது 24,000 ரூபாய். வருடத்துக்கு 8,000. ஏக்கருக்கு வருடம் 2,000. தக்காளி போடுகிற வீட்டுக்காரர் நீங்கள், அந்த 2,000 நாற்றுக்கும் குச்சிக்கும் கட்டுகூலிக்குமே காணாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் மானியத்தை நம்பி மாறாதீர்கள். மாறுவது என்று முடிவு செய்துவிட்டால், பயிற்சி, சான்று, குழு ஆகிய மூன்றையும் சொந்தப் பணம் போடாமல் முடித்துக்கொள்ள அரசுத் திட்டங்கள் நன்றாகவே உதவும். மகசூல் குறைகிற வருடத்தின் நஷ்டத்தை அவை ஈடுகட்டாது. இந்தக் கணக்கை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பணம் வரும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடம் சத்தமில்லாமல் யூரியாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்போது குழு முழுவதற்கும் சான்று சிக்கலாகிறது.

தனி ஆளாகப் போய் விண்ணப்பம் கொடுத்து வாங்குகிற திட்டமும் இல்லை இது. தொகுப்பு முறை. குறைந்தது 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர், கூடுமானவரை அடுத்தடுத்த நிலமாகச் சேர வேண்டும். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் சேர்த்து இருபது முப்பது பேர் ஒத்துக்கொண்டால்தான் ஆகும். மாவட்டத்துக்கு இத்தனை தொகுப்பு என்று இலக்கு வரும்போது, ஏற்கெனவே ஆள் சேர்த்து, பெயர்ப் பட்டியலும் சர்வே எண்ணும் கையில் வைத்திருக்கிற ஊருக்குத்தான் அது போகும். இலக்கு வந்த பிறகு ஆள் தேடினால், அதிகாரிகள் அவசரத்தில் யார் பெயரையாவது எழுதி முடித்துவிடுவார்கள். தன் பெயர் பட்டியலில் இருப்பதே தெரியாத விவசாயிகளை நானே பார்த்திருக்கிறேன். பணத்துக்குப் பதில் நான்கு டப்பா திரவ உரத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து கேட்ட கதையும் உண்டு. இடுபொருளை மாட்டுக்கொட்டகையிலேயே தயாரித்துக்கொள்ள முடிகிற விவசாயிக்கு டப்பா எதற்கு? கையெழுத்துப் போடும் முன் எந்தத் திட்டம், எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகை என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவதாக தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்த ஒதுக்கீடு 2,481 கோடி ரூபாய். நாடு முழுக்க 15,000 தொகுப்பு, 7.5 லட்சம் ஹெக்டேர், ஒரு கோடி விவசாயிகள் என்பது இலக்கு. ஒரு தொகுப்பு 50 ஹெக்டேர், சுமார் 125 விவசாயிகள். இதில் ஏக்கருக்கு வருடம் 4,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. ஆனால் ஒருவருக்கு ஒரு ஏக்கர்தான். அதாவது மொத்தம் 8,000. தொகுப்புக்கு இரண்டு 'கிருஷி சகி' உண்டு. சாணம், கோமியத்தில் செய்கிற ஜீவாமிர்தம் (மண்ணுக்கு), பீஜாமிர்தம் (விதைக்கு) தயாரிக்க நேரில் வந்து சொல்லிக்கொடுக்கும் உள்ளூர்ப் பெண்கள் அவர்கள். நாடு முழுக்க 10,000 உயிரி இடுபொருள் மையங்களும் இந்தத் திட்டத்தில் அடக்கம். ஒரு மையம் தொடங்க ஒரு லட்சம் ரூபாய் உதவி. உங்கள் ஊர் மகளிர் குழுவில் துடிப்பான ஆள் யாராவது இருந்தால் இந்த ஒரு லட்சத்தைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். கரைசல் கலக்கி வடிகட்டி வாங்கக்கூடிய விலைக்குக் கொடுக்க ஊரிலேயே ஓர் இடம் இருந்தால், மாடு இல்லாத குடும்பங்களும் இந்தப் பக்கம் வரும். இயக்கத்துக்கு 2025-26 வரைக்கும்தான் முதலில் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அதனால் நடப்பு வருட ஒதுக்கீட்டைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஒரே சர்வே எண்ணுக்கு இதையும் பி.கே.வி.ஒய்.யையும் சேர்த்து எதிர்பார்க்க வேண்டாம்.

வடகிழக்கு மாநிலங்களுக்கென்று தனியாக ஓர் அங்கக (ஆர்கானிக்) விவசாயத் திட்டம் இருக்கிறது. யூடியூபில் அதன் தொகையைக் காட்டி "உங்களுக்கும் கிடைக்கும்" என்கிறார்கள். நமக்குக் கிடைக்காது, விட்டுவிடுங்கள்.

மாநில அரசின் பக்கம் வந்தால், 2023 மார்ச்சில் தமிழ்நாடு உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டார்கள். கொள்கை என்பது கைக்குக் காசு தராது. அடுத்த வருடம் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் தான் நமக்கு நேராக உதவுவது. 22 இனங்கள், 206 கோடி ரூபாய். பசுந்தாள் உர விதை, மண்புழு உரப் படுக்கை, வேப்பங்கன்று, ஆடாதொடை, நொச்சி என்று வகை வகையாக இருக்கிறது. இதில் பசுந்தாள் விதையைக் கட்டாயம் வாங்குங்கள். பாதி விலை மானியம், தனி ஆளாகவே வாங்கலாம், குழு தேவையில்லை. உங்கள் செம்மண் மானாவாரிக்குத் தக்கைப்பூண்டை விடச் சணப்பை பொருத்தம். தக்கைப்பூண்டு தண்ணீர் கேட்கும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் சணப்பையைத் தூவி, பூ எடுக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் ஆடியில் ராகிக்கு நிலம் தயார். இதற்கு ஆகிற செலவு ஒரு மூட்டை டி.ஏ.பி. உர விலையைவிடக் குறைவாகத்தான் வரும். ஆடாதொடையையும் நொச்சியையும் ஆடு கடிக்காது. பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றில் வராமல் தடுக்க வரப்போரம் நட்டுவிடலாம்.

இயற்கை விவசாயத் திட்டம் என்ற பெயரே இல்லாத உதவிகள்தான் பணமதிப்பில் பெரியவை. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்று வாங்கிவிட்டால் மாமரத்துக்கும் தக்காளிக்கும் குழாய் போட்டுவிடலாம். ஏரி வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். டிராக்டர் வாடகை மட்டும் உங்களுடையது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர் உரமும் மருந்தும் எல்லாம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானிய விலையில் கிடைக்கின்றன. தனியார் கடையில் மூன்று மடங்கு விலைக்கு அதே பாக்கெட்டை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. காலாவதி தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள். கிடங்கு வெயிலில் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது.

யாரைப் பார்ப்பது என்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. ராகியும் நிலக்கடலையும் வேளாண்மைத் துறை, மாவும் தக்காளியும் தோட்டக்கலைத் துறை. ஒரே கிணறு, ஒரே குடும்பம், இரண்டு அலுவலகம். இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரையும் தோட்டக்கலை உதவி இயக்குநரையும் ஒரே நாளில் பாருங்கள். நடப்பு வருடத்துக்கு உங்கள் வட்டாரத்தில் எத்தனை தொகுப்பு, இடம் இருக்கிறதா என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அங்கே இணை இயக்குநர் உட்கார்ந்திருப்பார், மனுவுக்கு எண் விழும், பதில் எழுத்தில் வரும். பயிற்சி, பண்ணைச் சுற்றுலா எல்லாம் வேளாண்மைத் துறையின் 'அட்மா' என்ற விரிவாக்கத் திட்டத்தில் இலவசம். எலுமிச்சங்கிரியிலும் பாப்பாரப்பட்டியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ராகி, சாமை, கொள்ளு ரகம் வேண்டுமானால் பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

சான்றிதழுக்கு வருவோம். இரண்டு பாதை.

ஒன்று பி.ஜி.எஸ்., பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி, உறுதிமொழி எழுதி, ஒருவர் நிலத்தை இன்னொருவர் ஆய்வு செய்து, பதிவேடு வைத்து, இணையத்தில் ஏற்ற வேண்டும். செலவு மிகக் குறைவு. மாறுகிற காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதாக மாறிய பிறகு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்று முத்திரை. பி.கே.வி.ஒய். தொகுப்பில் பெரும்பாலும் இதுதான். உள்நாட்டு விற்பனைக்குப் போதும், ஏற்றுமதிக்குச் செல்லாது.

இன்னொன்று மூன்றாம் நபர் சான்று. 2001-இல் வந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடா அங்கீகரித்த நிறுவனங்கள் தருவது. நம் மாநில அரசே கோயம்புத்தூரைத் தலைமையிடமாக வைத்து ஒரு சான்றளிப்புத் துறை நடத்துகிறது. விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை என்று கேட்டால் மாவட்டத்தில் ஆள் காட்டுவார்கள். தனி விவசாயியாகவும் பதியலாம், 25 முதல் 500 பேர் கொண்ட குழுவாகவும் பதியலாம். தனியார் நிறுவனத்தோடு பார்த்தால் கட்டணம் குறைவு. இந்த வருடம் கட்டணச் சலுகை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

இரண்டிலும் மாறுகாலம் உண்டு. ராகி, கடலை, தக்காளி போன்ற பருவப் பயிருக்கு 24 மாதம், மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 36 மாதம். "நாங்கள் ஐந்து வருடமாக மாமரத்துக்கு மருந்தே அடிக்கவில்லை" என்று வாயால் சொன்னால் கணக்கில் சேராது. பதிவு செய்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும், பழைய காலத்தைக் கழிக்க ஆதாரம் வேண்டும். ஆகவே முதலில் பதிவு, பிறகு மற்றதெல்லாம். மானியம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வருடம் ஒன்று வீணாகும்.

சரி, எல்லோருக்கும் சான்று தேவையா? ஓசூரில் உங்கள் கம்பெனி நண்பர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் நீங்களே நேராகக் கொண்டுபோய் விற்கிறீர்கள் என்றால் தேவையில்லை. 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அங்கக உணவு விதிகள், சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதற்குச் சான்றிலிருந்து விலக்கு தந்திருக்கின்றன. சான்று பெற்ற அங்கக உணவுக்கான 'ஜெய்விக் பாரத்' முத்திரையை மட்டும் பாக்கெட்டில் போடக் கூடாது. கடைக்குக் கொடுக்கிறீர்கள், பெங்களூரு வியாபாரி வாங்குகிறார் என்றால் சான்று இல்லாமல் ஆகாது. அப்பாவின் பெங்களூரா காயை அங்ககக் கூழுக்காகத் தொழிற்சாலை வாங்க வேண்டுமானால் மூன்றாம் நபர் சான்றேதான் வேண்டும், பி.ஜி.எஸ். அங்கே எடுபடாது. 2025-இல் பெங்களூரா விலை சரிந்து கிருஷ்ணகிரி விவசாயிகள் தெருவுக்கு வந்ததைப் பார்த்தீர்கள்தானே. அங்ககச் சான்று இருந்திருந்தால் தப்பித்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூழ் தொழிற்சாலை ஒன்றையே நம்பாமல் வேறு வாசல் ஒன்று திறந்திருந்திருக்கும்.

உங்கள் நான்கு பயிரையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். அடி வாங்குவது இங்கேதான்.

ராகி எளிது. மானாவாரி ராகிக்கு நம் பக்கம் பெரிதாக யாரும் உரம் கொட்டுவதில்லை. அதனால் நிறுத்தினாலும் பெரிய இறக்கம் தெரியாது. அவரை, துவரை, கடுகு என்று சால் விட்டு ஊடுபயிர் போடுகிற பழக்கம் உங்கள் தாத்தா காலத்தில் இருந்திருக்கும். அதை மீட்டால் போதும், மண்ணுக்கும் தழைச்சத்து, வீட்டுக்கும் பருப்பு. தை மாதம் அவரைக்காய்க்கு ஓசூர் சந்தையில் நல்ல விலையும் உண்டு. முதல் வருடம் இந்த ஒன்றரை ஏக்கரோடு தொடங்குங்கள்.

நிலக்கடலையில் விதைதான் பிரச்சினை. கடையில் வாங்கும் விதை பூஞ்சாணக் கொல்லி பூசி வரும், சான்றில் அது தவறு. பூசாத விதை கேட்டு வாங்கி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதையுங்கள். ஜிப்சம் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சுரங்கத்தில் எடுக்கிற இயற்கை ஜிப்சத்துக்கு அனுமதி உண்டு. உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போ ஜிப்சம் கூடாது. மூட்டையில் எது என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள், ஆய்வாளர் கேட்பார். நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிற கோழி எருவும் இப்படித்தான். கூண்டுப் பண்ணை எருவைச் சான்றாளரிடம் கேட்காமல் இறக்காதீர்கள்.

மாவில் முதல் விஷயம் கல்டார். பூ வருவதற்கு வேரில் ஊற்றுகிற அந்த மருந்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வருடம் பூ குறையும், தள்ளிப் போகும். தோப்பை வியாபாரிக்குக் குத்தகை விடுகிற பழக்கம் இருந்தால் இன்னும் கவனம், ஏனென்றால் உங்களுக்குத் தெரியாமல் அவர் ஊற்றிவிடுவார். குத்தகைச் சீட்டில் எழுதுங்கள், அல்லது மாறுகாலம் முடியும் வரை குத்தகையே விடாதீர்கள். தத்துப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலும் பிவேரியா என்ற பூச்சி கொல்லும் பூஞ்சாணமும், சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் (சான்றாளர் அனுமதியோடு), பழ ஈக்கு மீத்தைல் யூஜினால் பொறி. இவ்வளவில் சமாளிக்கலாம். உங்கள் பக்கம் மல்பெரித் தோட்டம் நிறைய. பக்கத்து வீட்டில் பட்டுப்புழு வளர்த்தால் வேப்பங்கரைசல் அந்தப் பக்கம் போகாத மாதிரி காற்றுப் பார்த்து அடியுங்கள். இயற்கை மருந்துதானே என்று அடித்து, பக்கத்து வீட்டுப் புழு இலை தின்னாமல் போனால் ஊரில் பகைதான் மிஞ்சும்.

தக்காளியைக் கடைசியில் வையுங்கள். ஒட்டுரக நாற்று, வாரம் இரண்டு தடவை மருந்து என்று பழகிய நிலத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் ஊசிப்புழுவும் இலைச்சுருட்டையும் சேர்ந்து தோட்டத்தை முடித்துவிடும். அப்பா அன்றோடு இயற்கை விவசாயத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார், அப்புறம் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். முதலில் இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டும் அட்டை, சுற்றிலும் செண்டுமல்லி என்று மருந்தை பாதியாகக் குறைக்கப் பாருங்கள். செண்டுமல்லியை ராயக்கோட்டை, ஓசூர் பூ வியாபாரியிடமே போட்டுவிடலாம். ஒரு போகம் தக்காளிக்குப் பதில் கொத்தமல்லியோ பீன்ஸோ போட்டுப் பயிரை மாற்றினால் புழுவின் தொடர் அறும். ஆனால் பி.ஜி.எஸ். முறையில் ஒரு துண்டை மட்டும் காலத்துக்கும் ரசாயனத்தில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்; படிப்படியாக முழு நிலமும் உள்ளே வர வேண்டும். தக்காளிக்கு எந்த வருடம் என்பதைப் பதியும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதிவேடு தெளிவாக இருந்தால் இதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

மாடு பற்றியும் கேட்பீர்கள். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. 48 மணி நேரம், காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். ஓர் ஏக்கருக்கு ஒரு தடவைக்கு இது போதும். ஒரு மாடு இருந்தால் உங்கள் 4 ஏக்கர் ஓடிவிடும். நாட்டு மாடுதான் வேண்டும் என்று சொல்லி எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று விலை சொல்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். நம் மண்ணின் ஆலம்பாடி மாடு கிடைத்தால் நல்லது. காரிமங்கலம் பக்கம் அதற்கென்றே அரசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வீட்டில் நிற்கிற கலப்பின மாட்டுச் சாணத்திலேயே தொடங்குங்கள், நான் பார்த்த குழுக்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசே ராகியைக் கொள்முதல் செய்கிறது. 2025-26-க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 2023 முதல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுப்பதும் அதனால்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் கொள்முதல் நிலையத்தில் இயற்கை ராகிக்குத் தனி விலை கிடையாது. யூரியா போட்ட மூட்டையும் உங்கள் மூட்டையும் ஒரே தராசில், ஒரே விலைக்கு. இந்தக் கொள்கையெல்லாம் எழுதியவர்கள் இந்த ஒரு ஓட்டையை அடைத்திருந்தால், மூன்று வருட மானியத்தைவிடப் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். யூரியாக்காரருக்கு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. உண்மை விலையின் பெரும்பகுதியை மத்திய அரசு கம்பெனிக்குக் கட்டிவிடுகிறது. அவர் ஒவ்வொரு மூட்டையிலும் மானியம் வாங்குகிறார், எந்த விண்ணப்பமும் இல்லாமல், எந்தக் குழுவும் சேராமல். நீங்கள் அதை விட்டுவிட்டு வருடம் 8,000-க்காக ஐம்பது கையெழுத்துப் போட வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை.

அதனால் விற்பனையைக் குழுவாக யோசிக்காமல் இந்தக் கணக்கு நிற்காது. அரூர் தாலுகா சிட்லிங்கியில் நடந்ததைப் போய்ப் பாருங்கள். அங்கே 1993 முதல் ஒரு பழங்குடி மக்கள் மருத்துவமனை நடக்கிறது. அதை ஒட்டி வளர்ந்த சோஃபா என்ற அங்கக விவசாயிகள் சங்கம், ஒரு சில பேரோடு தொடங்கி இன்று பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருக்கிறது. சாமை, ராகி, மஞ்சளை அவர்களே சுத்தம் செய்து, மாவாக, மசாலாவாக, பிஸ்கட்டாக ஆக்கி விற்கிறார்கள். மூட்டையாக விற்றால் கிடைக்காத விலை அங்கே இருக்கிறது. உங்கள் பி.கே.வி.ஒய். தொகுப்பில் ஹெக்டேருக்கான 31,500-இல் 4,500 ரூபாய் விற்பனை, பொட்டலம், மதிப்புக்கூட்டலுக்கென்றே ஒதுக்கியது. 20 ஹெக்டேருக்கு அது 90,000 ஆகிறது. பயிற்சி முகாமில் பேனர் கட்டிக் கரைத்துவிடாமல், ஒரு கல் நீக்கும் இயந்திரத்துக்கோ மாவு மில்லுக்கோ போகும்படி குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். உங்களுக்கு ஓசூர் இருக்கிறது, எல்லை தாண்டினால் பெங்களூரு. சிட்லிங்கிக்காரர்களுக்குக் கிடைக்காத சந்தை இது.

"ஆறு மாதத்தில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது.

இனி காகிதங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், மண் பரிசோதனை அட்டை, கிணற்று நீர் பரிசோதனை, கடந்த மூன்று வருடம் என்ன பயிர், என்ன போட்டீர்கள் என்கிற விவரம். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் அப்பாவுக்கு வாங்கியாகிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் முடித்துவிடலாம். உழவன் செயலியை உங்கள் போனில் ஏற்றி அப்பா பெயரில் பதியுங்கள். திட்ட ஒதுக்கீடு அதில் தெரியும். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் இப்போதே உட்பிரிவுக்கு மனு கொடுங்கள், அல்லது மற்ற பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள். அப்புறம் மானியம் போய் விழுவது ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்கில்தான், நீங்கள் நகல் கொடுத்த கணக்கில் இல்லை. அப்பாவுக்கு இரண்டு மூன்று வங்கியில் கணக்கு இருந்தால், எது இணைந்திருக்கிறது என்று விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வங்கியில் கேட்டுவிடுங்கள்.